ஓலையில் இல்லாத பண்

தில்லைப் பெருங்கோயிலின் அறை ஒன்று நெடுங்காலமாகப் பூட்டிக் கிடந்தது. பாடியருளிய மூவரும் வந்தாலன்றிக் கதவு திறவாது என்றனர் அந்தணர். தேவாரத்தைத் தேடி வந்த சோழ வேந்தனும் அவனுக்கு வழிகாட்டிய நம்பியாண்டார் நம்பியும் மூவரின் திருவுருவங்களை அங்கே எழுந்தருளச் செய்து, கதவைத் திறப்பித்தனர். உள்ளே ஏடுகளைக் கரையான் புற்று மூடியிருந்தது. எண்ணெய் வார்த்துப் புற்றைக் கரைத்து, அரித்தவை போக எஞ்சியவற்றை எடுத்தனர். திருமுறை கண்ட புராணம் கூறும் இந்த நிகழ்ச்சி சைவ இல்லங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருவது.

அதன் பிற்பகுதி அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. ஏடுகள் கிடைத்தன, சொற்கள் கிடைத்தன. ஆனால் அவற்றை எப்படிப் பாடுவது? பண்ணின் நடையை ஓலை காட்டவில்லை. மன்னனும் நம்பியும் மீண்டும் இறைவனிடமே முறையிட்டனர். திருஞானசம்பந்தருக்கு யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில் வந்த ஒரு பெண் திருஎருக்கத்தம்புலியூரில் இருக்கிறாள், பண்களை அவள் அறிவாள் என்று அசரீரி ஒலித்தது. அவளைத் தில்லைக்கு அழைத்து வந்து பாடச் செய்து, கேட்டுக் கேட்டுப் பண்முறையை வகுத்தனர். விருத்தாசலத்தை அடுத்து இன்று இராஜேந்திரப்பட்டினம் என வழங்கும் ஊரே அந்த எருக்கத்தம்புலியூர்.

ஆராய்ச்சியாளர் சிலர் இவ்வரலாற்றை அப்படியே ஏற்பதில்லை. இராஜராஜ சோழனுக்கு முன்பே, பல்லவர் காலத்துத் திருவல்லம் கல்வெட்டில் திருப்பதியம் பாடுவோர் குறிக்கப்படுகின்றனர். எனவே பாடும் வழக்கம் ஒருபோதும் முற்றாக அற்றுப்போகவில்லை என்பது அவர்கள் வாதம். அது இருக்கட்டும். புராணம் போகிற போக்கில் ஒரு நுட்பமான உண்மையைச் சொல்லிச் செல்கிறது. சொல்லைக் காப்பதற்குப் பனையோலை போதும். இசையைக் காப்பதற்கு ஒரு மனிதக் குரலும், அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த இன்னொரு காதும் வேண்டும். சம்பந்தர் காலத்துக்கும் இராஜராஜன் காலத்துக்கும் இடையே ஏறத்தாழ 300 ஆண்டுகள். அத்தனை காலம் ஒரு குடும்பத்தின் தொண்டைகளில் பண் தங்கியிருக்க முடியுமா? இசையை மனித மனம் எவ்வாறு உணர்கிறது, எவ்வாறு கற்கிறது, எவ்வாறு சேமித்து வைக்கிறது என்று கடந்த ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ந்துவரும் உளவியலாளர்கள் கண்டறிந்தவற்றைப் பார்த்தால், அது நடக்கக்கூடியதே என்று தோன்றுகிறது.

சுருதி மாறினாலும் பாட்டு மாறுவதில்லை

எருக்கத்தம்புலியூர்ப் பெண் ஐந்து கட்டைச் சுருதியில் பாடியிருப்பாள் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கேட்டுக் கற்ற ஆடவர் ஒரு கட்டையில் பாடியிருப்பர். இரண்டிலும் எழும் ஒலிகளை அளந்து பார்த்தால் ஸ்வரத்துக்கு ஸ்வரம் அதிர்வெண் வேறு. ஆயினும் இரண்டும் ஒரே பாட்டு என்பதை ஐந்து வயதுக் குழந்தையும் ஐயமின்றிச் சொல்லும். ஒலிகள் எல்லாம் மாறியபின் மாறாமல் நின்றது எது?

இந்தக் கேள்வியை 1890-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாக எழுதினார் ஆஸ்திரிய நாட்டுத் தத்துவ அறிஞர் கிறிஸ்டியன் வான் ஏரன்ஃபெல்ஸ். தனித்தனி ஸ்வரங்களைக் கூட்டினால் கிடைக்கும் தொகையைக் காட்டிலும் மெட்டு என்பது வேறான ஒன்று. ஸ்வரங்களுக்கு இடையே உள்ள உறவில் அது வாழ்கிறது என்பது அவர் கண்ட முடிவு. பின்னாளில் ஜெர்மனியில் எழுந்த பெரிய உளவியல் மரபு ஒன்றுக்கு அக்கட்டுரை வித்தாயிற்று. மனம் இசையைப் புள்ளிகளாகச் சேர்த்து வைப்பதில்லை. ஏற்ற இறக்கங்களின் வடிவமாகச் சேர்த்து வைக்கிறது. கோயில் கோபுரத்தைக் கிழக்கு வீதியிலிருந்து பார்த்தாலும் தெற்கு வீதியிலிருந்து பார்த்தாலும் அதே கோபுரம் என்று கண் அறிவதைப் போன்றது இது.

தென்னாட்டு இசை மரபு இந்த உண்மையைத் தம்புராவின் மடியில் வைத்தே கற்பித்து வந்திருக்கிறது. பாடுபவர் எந்தக் கட்டையில் வேண்டுமானாலும் நிற்கலாம். ஆதார ஷட்ஜம் எது என்பது மட்டும் காதில் இடையறாது ஒலிக்க வேண்டும். மற்ற ஸ்வரங்கள் எல்லாம் அதனோடு கொள்ளும் உறவால் பெயர் பெறுகின்றன. நன்கு சேர்ந்த தம்புராவின் மந்தரத் தந்தியை மீட்டிவிட்டுக் கூர்ந்து கேட்டால், எவரும் மீட்டாத அந்தர காந்தாரம் மேலே மிதந்து வருவதைக் கேட்கலாம். குதிரைக்கும் தந்திக்கும் இடையே செருகப்படும் சிறு நூலுக்கு 'ஜீவா' என்று பெயர் வைத்தவர், அந்த நூல் சரியான இடத்தில் நின்றால்தான் இந்த உள்ளொலிகள் உயிர்பெறும் என்பதை அறிந்தே வைத்திருக்க வேண்டும். சர் சி.வி. ராமன் தம்புராவையும் வீணையையும் ஆராய்ந்து 1921-இல் எழுதியபோது, மற்றத் தந்தி வாத்தியங்களில் அடங்கிப்போக வேண்டிய உள்ளொலிகள்கூட இவற்றின் குதிரையின் அமைப்பால் எழுந்து ஒலிப்பதைச் சுட்டிக்காட்டினார்.

உறவுகளால் ஆனது மெட்டு என்றால், ஸ்வரங்களை வரிசையாகக் குறித்து வைத்தால் போதாதா என்று கேட்கலாம். அதற்கு விடை யாழ்ப்பாணர் வாழ்விலேயே இருக்கிறது. பதிகங்களின் பெருமை யாழிசையால்தான் பரவுகிறது என்று தம் உறவினர் பேசக் கேட்டு மனம் நொந்த பாணர், யாழில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடியருளுமாறு சம்பந்தரை வேண்டினார். காரைக்காலை அடுத்த திருதருமபுரத்தில் அப்பதிகம் எழுந்தது. பாணர் முயன்றார், விரல் தோற்றது. யாழை உடைக்கவே ஓங்கினார் என்கிறது பெரியபுராணம். சம்பந்தர் தடுத்து, இயன்ற அளவு வாசிக்குமாறு கூறினார். 'யாழ்முரி' என்னும் பெயர் அதனால் வந்தது. இன்று ஓதுவார்கள் அப்பதிகத்தை அடாணா ராகத்தில் பாடுகின்றனர்.

யாழின் ஒவ்வொரு நரம்பும் ஒரு ஸ்வரத்தைத் தரும். குரலோ ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும், அசையும், தயங்கும், தொட்டுவிட்டுத் திரும்பும். தோடி ராகத்துக் காந்தாரத்தைக் கருவி கொண்டு அளந்தால், அது எந்த ஓரிடத்திலும் நிலைத்து நிற்காமல் ஊசலாடுவது தெரியும். கேட்பவர் காதோ அதை ஒரே ஸ்வரமாக, தோடியின் காந்தாரமாக, அடையாளம் கண்டு கொள்கிறது. காதுக்குக் கிடைப்பது அசைவு. மனம் அறிவது ஸ்வரம். இந்த மொழிபெயர்ப்பைச் செய்யும் திறன் பிறவியில் வருவதன்று, ஏட்டிலிருந்து வருவதுமன்று. ஆயிரம் முறை கேட்டதால் வருவது.

பதிகம் என்னும் ஞாபகக் கட்டு

தருமபுரம் ஆதீனத்துத் தேவாரப் பாடசாலை போன்ற இடங்களில் ஆசிரியர் ஓர் அடியைப் பாடுவார். மாணவர் திரும்பப் பாடுவர். பிழை நேர்ந்தால் ஆசிரியர் விளக்கம் சொல்வதைவிட, மறுபடியும் பாடிக் காட்டுவதே வழக்கம். (பாடசாலை உள்ள தருமபுரம் மயிலாடுதுறையை ஒட்டியது, யாழ்முரிப் பதிகம் பிறந்த ஊர் வேறு.) பார்ப்பதற்கு எளிய முறை. ஆனால் இந்த முறைக்குப் பதிகத்தின் அமைப்பே எவ்வளவு துணை செய்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சம்பந்தர் பதிகம் பெரும்பாலும் 11 பாடல்களைக் கொண்டது. மெட்டு ஒன்று; சொற்கள் மட்டும் பாடலுக்குப் பாடல் மாறும். ஒரு பதிகத்தை முழுமையாகப் பாடி முடித்தவர், பண்ணின் அதே வடிவத்தை 11 முறை தம்மை அறியாமலே பயின்றுவிடுகிறார். அலுப்புத் தட்டாத பயிற்சி. மேலும், எட்டாம் பாடலில் இராவணன் வருவான்; ஒன்பதாவதில் திருமாலும் பிரமனும் அடிமுடி தேடுவர்; பத்தாவதில் சமண சாக்கியர் பற்றிய பேச்சு; பதினொன்றாவதில் காழியர்கோன் தம் பெயரைச் சொல்லிப் பயன் கூறுவார். பாடிக்கொண்டே வருபவர் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை மறக்கவே வழியில்லை. அடிகளின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்து ஒன்றி வரும் எதுகை, அடுத்த அடியை நாவின் நுனிக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

அமெரிக்க உளவியலாளர் டேவிட் ரூபின் 1995-இல் வெளியிட்ட நூலில், எழுத்தின் துணையின்றிக் காவியங்களும் பாடல்களும் பல தலைமுறைகள் நிலைத்ததன் காரணத்தை ஆராய்ந்தார். பொருள், ஓசை ஒழுங்கு, தாளம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒவ்வோர் இடத்திலும் வரக்கூடிய சொற்களைச் சுருக்கி விடுகின்றன. அதனால் ஞாபகம் தவறு செய்வதற்கான வாய்ப்பே குறைந்துவிடுகிறது என்பது அவர் காட்டியது. அவர் எடுத்துக்கொண்டவை வேறு நாட்டுப் பாடல்கள். தமிழ்நாட்டு அடியார்களோ அந்தாதி என்று இன்னும் ஒரு படி மேலே போயினர். ஒரு பாடல் முடியும் சொல்லே அடுத்த பாடலின் முதற்சொல். திருவாய்மொழி ஆயிரமும் அவ்வாறு சங்கிலியாகக் கோக்கப்பட்டதே. குடந்தைப் பெருமாள்மீது பாடிய பத்துப் பாசுரங்களைக் கேட்டு, ஆயிரத்தில் இவை பத்து என்று அறிந்து, மீதியைத் தேடிப் புறப்பட்ட நாதமுனிகளின் வரலாறும், அவற்றை மீட்டபின் அவர் மருமக்கள் இருவருக்கும் இசையோடு கற்பித்த செய்தியும் வைணவ இல்லங்கள் நன்கு அறிந்தவை. மீட்டதும் இசையோடு கற்பிக்க வேண்டும் என்று அவர் எண்ணியதில் பெரும் ஞானம் இருக்கிறது.

தேவாரத்தின் பண்கள் பொதுவாக 23 என்று கணக்கிடப்படுகின்றன. நட்டபாடை நாட்டையாகவும், கௌசிகம் பைரவியாகவும், மேகராகக்குறிஞ்சி நீலாம்பரியாகவும் இன்று பாடப்படுகின்றன. பழைய பண்ணும் இன்றைய ராகமும் அணுவளவும் மாறாமல் ஒன்றே என்று எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது. குரல் வழியே வரும் மரபு ஆற்றைப் போன்றது. கரை நிற்கும், நீர் புதிதாகிக்கொண்டே இருக்கும்.

தொட்டிலில் திறக்கும் காது

காது எப்போது கற்கத் தொடங்குகிறது? பின்லாந்தில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், கருவுற்ற தாய்மார் கடைசி மூன்று மாதங்களில் ஒரு குறிப்பிட்ட தாலாட்டு மெட்டை வாரத்தில் பல நாட்கள் ஒலிக்கச் செய்தனர். குழந்தை பிறந்ததும், பிறகு நான்கு மாதம் கழித்தும், அதே மெட்டைக் கேட்பித்து மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்தனர். கருவில் கேட்ட குழந்தைகளின் மூளை, கேட்காத குழந்தைகளின் மூளையைவிடத் தெளிவாக அதற்கு எதிர்வினை காட்டியது. கருவிலேயே கேட்டறிந்த பிரகலாதனின் கதையைச் சொல்லி வளர்த்த பாட்டிமார்களுக்கு இச்செய்தி வியப்பாக இராது.

இன்னும் கருத வேண்டியது, 2005-இல் எரின் ஹானன், சாண்ட்ரா ட்ரீஹப் என்னும் இரு ஆய்வாளர்கள் வெளியிட்டது. மேலை நாடுகளில் பெரும்பாலான பாட்டுகள் இரண்டிரண்டாகவோ மூன்று மூன்றாகவோ சமமாக எண்ணும் தாளத்தில் அமைந்தவை. பால்கன் பகுதி நாட்டுப்புற இசையில் இரண்டும் மூன்றுமாகக் கலந்து எண்ணும் தாளங்கள் உண்டு. நம் மிஸ்ர சாபு, கண்ட சாபு போல. வட அமெரிக்கக் குழந்தைகளுக்கு இரண்டு வகை இசையையும் கேட்பித்து, இடையே தாளத்தைக் குலைத்துப் பார்த்தனர். ஆறு மாதக் குழந்தைகள் இரண்டு வகையிலும் பிழையைக் கண்டுகொண்டன. பன்னிரண்டு மாதக் குழந்தைகள் சொந்த நாட்டுத் தாளத்தில் மட்டும் கண்டுகொண்டன. அயல் தாளம் அதற்குள் அயலாகிவிட்டது. அந்தப் பன்னிரண்டு மாதக் குழந்தைகளுக்கு வீட்டில் இரண்டு வாரம், நாள்தோறும் சற்று நேரம் அந்த இசையைப் போட்டுக் காட்டியபின் திறன் திரும்பி வந்தது. வளர்ந்தவர்களுக்கும் அவ்வாறே கேட்பித்தனர். அவர்களால் குழந்தைகளின் அளவுக்குத் தேற முடியவில்லை.

உலகத்து இசை அனைத்தையும் ஏற்கத் திறந்த காதோடு பிறக்கிறது குழந்தை. முதல் ஆண்டு முடிவதற்குள் சுற்றியுள்ள ஒலிகள் அந்தக் காதுக்கு வடிவம் கொடுக்கத் தொடங்கிவிடுகின்றன. பிற்காலத்தில் கற்க முடியாது என்பதில்லை. நாற்பது வயதில் தொடங்கிச் சிறப்பாகப் பாடுவோர் உண்டு. ஆனால் அவர்கள் அரும்பாடுபட்டுப் பெறுவதைத் தொட்டிலில் கிடக்கும் குழந்தை விளையாட்டாகப் பெற்றுவிடுகிறது.

கோயில் வீதியில் பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு இது தானாகவே நிகழ்ந்தது. கம்பீர நாட்டையில் மல்லாரி கேட்டால் சுவாமி புறப்பாடு என்று சமையற்கட்டில் இருந்த பெண்களும் அறிந்தனர். காலையில் பூபாளம், இரவு பள்ளியறைக்கு எழுந்தருளும் வேளையில் நீலாம்பரி என்று ராகமே நேரம் காட்டியது. தவில்காரர் மிஸ்ரத்திலும் கண்டத்திலும் கோத்து வாசிப்பதை, தகப்பன் தோளில் அமர்ந்த பிள்ளை பெயர் தெரியாமலே உள்வாங்கியது. அப்பிள்ளைக்கு எவரும் இசை கற்பித்ததாக நினைக்கவில்லை.

இன்று பல கோயில்களில் தீபாராதனை வேளையில் மின்விசையால் இயங்கும் முரசும் மணியும் ஒலிக்கின்றன. ஆள் கிடைக்காத சிற்றூர்க் கோயில்களின் நிலைமையை உணராமல் அதைக் குறைகூறுவது நியாயமாகாது. விளக்கேற்ற எண்ணெய்க்கே வழி தேடும் அர்ச்சகர், மேளக்காரருக்கு எங்கே போவார்? ஆயினும் அந்த இயந்திரம் ஒவ்வொரு நாளும் ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில், ஒரே அடியை அடிக்கிறது. சந்நிதியில் கைகூப்பி நிற்கும் குழந்தையின் காது அதிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. நாகஸ்வரக்காரருக்குச் சம்பளம் கொடுப்பதா, இயந்திரம் வாங்குவதா என்று முடிவு செய்யும் கூட்டத்தில் அந்தக் குழந்தையின் காதைப் பற்றிப் பேசுவோர் அரியர்.

அயலார் காதுக்கு எட்டாத அமைதி

இசை எழுப்பும் உணர்ச்சி எல்லார்க்கும் பொதுவா, பழக்கத்தால் வருவதா என்பது பழைய வழக்கு. 1999-இல் லாரா-லீ பால்க்வில், வில்லியம் ஃபோர்ட் தாம்சன் என்னும் இருவர் இதைச் சோதித்தனர். இந்தியாவில் பதிவு செய்த 12 இந்துஸ்தானி ராகப் பகுதிகளை, அந்த இசையில் பழக்கம் இல்லாத மேலைநாட்டார் 30 பேருக்குக் கேட்பித்தனர். மகிழ்ச்சி, துயரம், சினம், அமைதி ஆகிய நான்கில் எது எவ்வளவு தென்படுகிறது என்று மதிப்பிடச் சொன்னார்கள். மகிழ்ச்சியையும் துயரத்தையும் சினத்தையும் அவர்கள் கண்டுகொண்டனர். வேகமும் மெட்டின் எளிமையும் சிக்கலும் அவர்களுக்குக் கைகொடுத்தன. அமைதியை மட்டும் அவ்வாறு தெளிவாகப் பிரித்தறிய முடியவில்லை.

தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாடுகள் எட்டு: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அமைதி இந்த எட்டில் இடம்பெறவில்லை. வடமொழி நாட்டிய நூல் மரபிலும் முதலில் எட்டுச் சுவைகளே இருந்தன. சாந்தம் ஒன்பதாவதாகப் பின்னர் வந்து சேர்ந்தது. பார்த்த மாத்திரத்தில் முகத்தில் தெரிவன முதல் எட்டும். ஒன்பதாவது பழகியவருக்கே பிடிபடும். ஓர் ஆய்வையும் ஓர் இலக்கண மரபையும் முடிச்சுப் போட்டு முடிவு கட்டிவிடக் கூடாதுதான். ஆனாலும் கோயிலில் இசை எதற்காக என்று கேட்பவர், இந்தப் பொருத்தத்தைச் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம்.

மெய்சிலிர்ப்பு வேறு வகை. நன்கு தெரிந்த பாட்டில், தெரிந்த இடம் வரும்போதே உடல் சிலிர்க்கிறது. தெரியாத பாட்டில் அவ்வளவாக நிகழ்வதில்லை. கனடா நாட்டு மாண்ட்ரியால் நகர ஆய்வாளர்கள் 2011-இல் இதன் உட்புறத்தைக் காட்டினர். தமக்குச் சிலிர்ப்பூட்டும் இசையைக் கேட்பவர் மூளையில் டோபமைன் என்னும் பொருள் சுரக்கிறது. பசித்தவன் உணவைக் காணும்போது சுரக்கும் அதே பொருள். அது இருமுறை சுரக்கிறது: உச்சம் வந்து சேரும்போது ஒரு பகுதியில், அதற்குச் சில விநாடிகள் முன்பே, வரப்போகிறது என்று மனம் காத்திருக்கும்போது இன்னொரு பகுதியில். நாகஸ்வர வித்துவான் மேல் ஷட்ஜத்தைத் தொடுவதுபோல் போக்குக் காட்டி, நிஷாதத்திலேயே நின்று, கீழே இறங்கி, மறுபடி ஏறிவரும்போது கூட்டம் மூச்சடக்கி நிற்பது இதனால்தான். எது வரும் என்று தெரிந்தவருக்கே காத்திருக்க முடியும். ராகத்தைக் கேட்டுப் பழகாத காதுக்கு அந்தக் காத்திருப்பும் இல்லை, அது தீரும் இன்பமும் இல்லை.

கூடிப் பாடும்போது இன்னொன்றும் நிகழ்கிறது. சுவீடன் நாட்டில் 2013-இல் வெளியான ஆய்வு, சேர்ந்து பாடுவோரின் இதயத் துடிப்பு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதைப் பதிவு செய்தது. காரணம் எளிது. ஒரே இடத்தில் மூச்செடுத்து, ஒரே இடத்தில் விடுகிறார்கள்; மூச்சின் வழியே இதயமும் செல்கிறது. 'எனக்குக் குரல் இல்லை' என்று திருவாசக முற்றோதலில் பின்வரிசைக்கு ஒதுங்குபவர் அறிய வேண்டிய செய்தியும் ஒன்றுண்டு: இசையின் ஏற்ற இறக்கமே கேளாத பிறவிக் குறை உடையவர் மிகச் சிலர். பாடும்போது சுருதி விலகுபவருள் பெரும்பாலோரின் காதில் பழுதில்லை. தொண்டைக்குத்தான் பழக்கம் போதவில்லை.

கடைசியில் எஞ்சுவது

இங்கிலாந்தில் கிளைவ் வேரிங் என்று ஓர் இசைஞர். பல நூற்றாண்டு பழமையான தேவாலயப் பாடல்களில் துறைபோனவர், பாடற்குழுக்களை நடத்தியவர். 1985 மார்ச் மாதத்தில் ஒரு நுண்ணுயிரி அவர் மூளையைத் தாக்கியது. உயிர் பிழைத்தார், ஞாபகம் பிழைக்கவில்லை. சில விநாடிகளுக்கு முன் நடந்தது அவருக்கு நினைவில் நிற்காது. மனைவி அறையை விட்டு வெளியே சென்று திரும்பினால், பல ஆண்டு கழித்துப் பார்ப்பவர்போல் ஓடிவந்து கட்டிக்கொள்வார். இப்போதுதான் முதன்முதலாக விழித்தேன் என்று நாட்குறிப்பில் எழுதுவார். சற்று நேரத்தில் அதை அடித்துவிட்டு மறுபடியும் அதையே எழுதுவார். அத்தகையவரை வாத்தியத்தின் முன் அமர்த்தினால் விரல்கள் பிழையின்றி ஓடின. பழைய குழுவின் முன் நிறுத்தினால் கையசைத்துப் பாட வைத்தார். இசை ஒலிக்கும் வரை அவர் முழு மனிதர். முடிந்ததும் மீண்டும் இருட்டு.

நேற்று உண்டதை நினைவில் வைக்கும் இடமும், பாட்டை வைத்திருக்கும் இடமும் ஒன்றல்ல என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்றாயிற்று. மறதி நோயான அல்சைமரில் மூளை எந்தெந்தப் பகுதிகளில் தேய்கிறது என்பதை ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் 2015-இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, நெடுநாள் பழகிய இசையை உணரும் பகுதிகள் ஒப்பளவில் குறைவாகவே சேதமுற்றிருந்தன. நோயை இசை குணப்படுத்தும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அவ்வாறு விளம்பரம் செய்வோரிடம் எச்சரிக்கையாக இருத்தல் நலம்.

முதியோர் உள்ள வீடுகளில் இது புத்தகச் செய்தியாக இருப்பதில்லை. மகனைப் பார்த்து 'நீங்கள் யார்?' என்று கேட்கும் பாட்டி, மாலையில் விளக்கு ஏற்றியதும் யாராவது ஒரு பதிகத்தைத் தொடங்கினால் இரண்டாம் அடியில் சேர்ந்துகொள்கிறாள். பதினோராம் பாடல் வரை வருகிறாள். பேசும்போது தேடிய சொற்கள் பாடும்போது தாமாக வருகின்றன. முடிந்தபின் திருநீற்றை நெற்றியில் இட்டுக்கொண்டு, அருகில் அமர்ந்திருப்பவரைப் பார்த்து மறுபடியும் 'நீங்கள் யார்?' என்கிறாள். ஆனால் அந்தக் கால் மணி நேரம் குடும்பத்துக்கு அவள் திரும்பக் கிடைத்தாள். அவ்வாறு கிடைப்பதற்கு, எழுபது ஆண்டுகளுக்கு முன் அவளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு யாரோ பாடியிருக்கிறார்கள்.

தில்லையில் ஏடு தேடிய வேந்தன் இராஜராஜனே என்பது பெரும்பாலோர் கொள்கை. ஏட்டைக் காத்தால் மட்டும் இசை நிலைக்காது என்பதை அவன் உணர்ந்திருந்தான் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு காட்டுகிறது. திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பிடாரர்கள். உடுக்கை வாசிக்க ஒருவர். கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர். ஆக 50 பேர். ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து, ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல். அதோடு விட்டுவிடாமல், அடுத்து வருவதையும் கல்லில் வெட்டி வைத்தான். இவருள் ஒருவர் இறந்தாலோ நாட்டை விட்டுச் சென்றாலோ, அவருக்கு நெருங்கிய உறவினர் அந்த நெல்லைப் பெற்றுக்கொண்டு பாட வேண்டும். உறவினர் தாமே பாடும் தகுதி இல்லாதவராயின், தகுதி உடைய வேறொருவரை அமர்த்திப் பாடச் செய்ய வேண்டும். உறவினர் எவரும் இல்லையெனில், மற்றைப் பிடாரர்கள் கூடி, பாட வல்லார் ஒருவரைத் தேர்ந்து அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். புதிதாக வந்து நின்றவருக்கும் அதே முக்குறுணி நெல்.